ஒற்றைக் கிடாய்

பெரம்பூர், சென்னை

டேய் சேகர்,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு எழுதுவதாகச் சொன்ன கடிதம் ஆடிக்கு வருகிறது. திட்டுவதை நேரில் திட்டிக்கொள். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும்.

என் மச்சான் பாஸ்கர், ஈமு கோழியில் கையைச் சுட்டுக்கொண்டவன், கொடைக்கானல் பக்கம் அங்கோரா ஆடு வளர்க்கப் போகிறானாம். ராத்திரி பதினோரு மணிக்குப் போன். “மோஹேர், அதான் அங்கோரா மயிர், கிலோ என்ன விலை தெரியுமா மாமா?” 20 பெட்டை, ஒரு கிடாய். ஒன்றே போதுமாம், செலவு மிச்சமாம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தோமே, மந்தை மரபணு அளவில் எத்தனை ஆட்டுக்குச் சமம் என்ற கணக்கு: கிடாயையும் பெட்டையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுப்பது. 80-ஐ 21-ஆல் வகுத்தேன், நாலுகூடத் தேறவில்லை. பட்டியில் நிற்பது 21. மரபணுக் கணக்கில் நாலே ஆடு. பிறக்கிற குட்டியெல்லாம் ஒரே அப்பன் பிள்ளை. அதே கிடாயை மகள்களோடு விட்டால் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச்சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவில் இணைவதன் அளவு, 25 சதவீதம். குட்டி இளைத்துப் பிறக்கும், பெட்டை சரியாகச் சினை பிடிக்காது. “நாம சொந்தத்தில் கட்டலையா?” என்கிறான். அக்கா மகளைக் கட்டிய சேகரே பன்னிரண்டரை சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டான் என்றேன். (கோமதியிடம் காட்டாதே.)

அங்கோரா ஏற்கெனவே பட்ட இனம். 1838-இல் துருக்கியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு 12 கிடாயும் ஒரு பெட்டையும் போயின. கிடாய்களை மலடாக்கி அனுப்பியிருந்தார்கள். பெட்டை சினையாக இருந்து, வழியிலேயே கிடாய்க் குட்டி போட்டதால் அங்கே இனம் பிழைத்தது. பிறகும் ஆடுகளைத் தருவித்துத்தான் மந்தையைப் பெருக்கினார்கள். அப்புறம் மயிருக்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் சினையாடுகள் கரு கலைக்க ஆரம்பித்தன. கூடவே, குளிரையும் அதிர்ச்சியையும் தாங்க உதவும் கார்ட்டிசால் என்ற இயக்குநீர் அட்ரீனல் சுரப்பியில் போதாத குறையும் பரம்பரையாக இறங்கியிருந்தது. மயிர் கத்தரித்த கையோடு குளிர்மழை பிடித்தால் கூட்டமாகச் சாகும். கொடைக்கானல் மழையைப் பற்றி பாஸ்கருக்கு யார் சொல்வது? ஆடு விற்கிற தரகர் சொல்வாரா?

நாலு கிடாய் வாங்கினால் அதே கணக்கு 13-க்கு ஏறுகிறது. வேறு வேறு மந்தையிலிருந்து வாங்கவேண்டும், ஆளுக்கொரு பட்டி, மகள்கள் அடுத்த பட்டிக்கு. நீ சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணையில் செம்மறிக் கிடாய்களை மாற்றிவிட்டுப் பதிவேடு எழுதினாயே, அந்த வழிதான். நான் சொன்னால் பொறாமை என்கிறான். உன்மேல் அவனுக்கு மரியாதை உண்டு, ஏன் என்றுதான் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டுகிறானாம். வியாழனுக்குள் அவனுக்குப் போன் போடு. ஈமு பேச்சை மட்டும் எடுக்காதே, வைத்துவிடுவான்.

உன்,
ராமு