உன்னைக் கேட்டார்களா?

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. பெரியப்பா வீட்டு விஷயம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன். புர்க்கினா ஃபாசோவில் நீங்கள் இருக்கும் பக்கம் டவரே கிடைப்பதில்லை என்று உங்கள் மதர் போனில் சொன்னார்கள். சரி. எப்போதாவது கிடைத்தால் 'இருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை போடு, அது போதும்.

லீவுக்கு வந்தபோது உன் செபப் புத்தகத்தில் இருந்த படத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். அல்ஜீரியாவில் திபிரின் மடத்துத் துறவிகள் என்று பங்குச் சாமியார் சொன்னார். தம்பி கம்ப்யூட்டரில் தேடித் தேடி எனக்கு வாசித்துக் காட்டினான். அதிலிருந்து என் மனம் அங்கேயேதான் கிடக்கிறது.

ஊர்க்காரர்கள் தொழுவதற்கு மடத்திலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்களாமே. பூசை மணியும் பாங்கும் ஒரே வளாகத்தில் கேட்டிருக்கின்றன. லூக் பிரதர் ஏறக்குறைய ஐம்பது வருடம் அங்கே காசு வாங்காமல் வைத்தியம் பார்த்திருக்கிறார். உன் டிஸ்பென்சரி வாசலில் குழந்தையோடு நிற்கும் பெண்கள் படம் அனுப்பினாயே, அதை நினைத்துக்கொண்டேன். நம் வீட்டில் ஊசி என்றால் ஓடி ஒளிந்த பிள்ளை நீ. இன்று ஓர் ஊரே உன்னைத் தேடி வருகிறது. இதைச் சொல்லாத வீடு இந்தத் தெருவில் இல்லை.

ஆனால் போன் மட்டும் வராது.

அல்ஜீரியாவில் 1992-இல் ராணுவம் தேர்தலை ரத்து செய்ததில் ராணுவத்துக்கும் ஆயுதக் கூட்டங்களுக்கும் சண்டை மூண்டது. 1993 டிசம்பரில் மடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் வேலை பார்த்த குரோஷியத் தொழிலாளர்கள் 12 பேரை அப்படி ஒரு கூட்டம் கழுத்தறுத்துக் கொன்றது. பத்து நாளில், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அந்தக் கூட்டத்தின் தலைவன் துப்பாக்கியோடு மடத்துக்கே வந்துவிட்டான். டாக்டரை அனுப்பு, மருந்து கொடு, பணம் கொடு என்றான். லூக் வயதானவர், ஆஸ்துமா வேறு, மலைக்கு வர முடியாது, காயம்பட்டவர் யாரானாலும் இங்கே வந்தால் பார்ப்பார் என்று மடத்துத் தலைவர் கிறிஸ்தியான் சாமி சொல்லியிருக்கிறார். இது சமாதானத்தின் வீடு, ஆயுதத்தோடு யாரும் உள்ளே வந்ததில்லை என்றும் சொன்னார். எந்தத் தைரியத்தில் சொன்னாரோ, வந்தவர்கள் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் தம்பியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். முதலில் அவர்களில் பலருக்கு உடனே போய்விட வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது. உட்கார்ந்து பேசினார்கள், வாக்கெடுத்தார்கள். ஆயர் வந்து சொன்னதைக் கேட்டார்கள். மறுபடியும் பேசினார்கள். யாரும் யாரையும் பிடித்து வைக்கவில்லை. இருப்பது என்று கடைசியில் ஒவ்வொருவரும் தானே முடிவு செய்தார்கள்.

மகளே, உன்னை யாராவது தனியாகக் கூப்பிட்டு, இருக்கிறாயா போகிறாயா என்று கேட்டார்களா?

1996 மார்ச் 26 இரவில் அந்தத் துறவிகளில் ஏழு பேரை ஆயுதக்காரர்கள் கடத்திக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதம் அவர்கள் வீட்டார் எப்படிச் சோறு சாப்பிட்டிருப்பார்கள்? மே மாதம் கொன்றுவிட்டதாக அறிக்கை வந்தது. தலைகள்தான் கிடைத்தன. யார் கொன்றது என்பதில் இன்றைக்கும் தகராறு ஓயவில்லை. அன்றிரவு கண்ணில் படாமல் தப்பியவர் இரண்டு பேர். அதில் ஒருவர் மொராக்கோவில் இன்னொரு மடத்தில் செபம் செய்துகொண்டிருந்து, 2021-இல் 97 வயதில் இறந்தார். அவர் பிழைத்திருந்ததால் அவருடைய துறவறம் ஒரு பிடி குறைந்துபோனதா? யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நீயும் யோசித்துப் பார்.

கிறிஸ்தியான் சாமி சிறு பிள்ளையாக அல்ஜியர்ஸில் இருந்தபோது, முஸ்லிம்கள் தொழுவதைக் காட்டி, அவர்களும் கடவுளைத்தான் கும்பிடுகிறார்கள், மரியாதையாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அவருடைய அம்மா. பிற்பாடு பிரெஞ்சு ராணுவ அதிகாரியாக அங்கே போனபோது, முகமது என்ற ஊர்க்காவலர் குறுக்கே நின்று அவர் உயிரைக் காப்பாற்றினார். அந்த மனிதரை மறுநாளே கிணற்றடியில் கொன்று போட்டிருந்தார்கள். அவருக்குப் பத்துப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பிள்ளைகளின் தாய் பெயரைக் கேட்டேன், தம்பிக்குக் கிடைக்கவில்லை. அவளுக்காகவும் ஒரு செபமாலை சொல்லி வருகிறேன்.

அந்தச் சண்டைக் காலத்தில் கொல்லப்பட்ட 19 பேருக்கு, இந்த ஏழு பேரையும் சேர்த்து, 2018-இல் அல்ஜீரியாவின் ஓரான் நகரில் அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். அதில் அந்த ஊர் ஆயர் கிளாவெரியும் ஒருவர். அவரோடு குண்டில் செத்த டிரைவர் முகமது புஷிகி 21 வயது முஸ்லிம் பையன். கொலை செய்வது சரி என்று எழுதித் தர மாட்டோம் என்ற இமாம்களையும் அங்கே கொன்றிருக்கிறார்கள். இதையெல்லாம் படித்ததால்தான், 'அந்த ஆட்களை நம்பி உன் மகளை விட்டிருக்கிறாயே' என்று சித்தி சொன்னபோது நான் சும்மா இருக்கவில்லை. உன் எதிர்வீட்டுக்காரி நோன்பு திறக்கும் நேரத்தில் உனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி எடுத்து வைக்கிறாள் என்று சொன்னேன். அவளிடம் நான் கேட்டதாகச் சொல்.

எனக்கு உன்மேல் கோபம்தான். பெருமையும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. தனியாக வெளியே போகாதே. இருட்டுவதற்குள் கான்வென்ட்டுக்கு வந்துவிடு. மலேரியா மாத்திரையை விடாதே. இருட்டுவதற்குள் வந்துவிடு.

அடுத்த வாரம் கிளம்பும் சிஸ்டரிடம் இதையும் நார்த்தங்காயையும் கொடுத்து அனுப்புகிறேன். அவர் இங்கே திரும்பி வரும்போது உன் கையால் பதில் எழுதிக் கொடுத்துவிடு. ஊர்க்கதையெல்லாம் வேண்டாம். நான் கேட்ட அந்த ஒன்றுக்கு, ஆமா இல்லையென்று எழுது.

உன் அம்மா