நடுவில் முப்பது வருடம் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இதழில் வந்த நுவரெலியா தேர்தல் வரலாற்றுக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். 1947இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் வென்றார் என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே 1977. ஒரு பக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று பேப்பரைத் திருப்பியும் பார்த்தேன். அப்புறம், "தோட்டத் தொழிலாளர் முதன்முதலாக வாக்களித்த தேர்தல்" என்று 1977க்கு ஒரு பட்டம் வேறு.

ஐயா, 1931இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போய் தொழில் அமைச்சரானவர் பெரி சுந்தரம். 1936இல் அதே அட்டனில் நடேசய்யர். 1947இல் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் போனார்கள், தொண்டமான் மட்டும் இல்லை: தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், பதுளையில் சுப்பையா, அலுத்நுவரவில் இராமானுஜம். இவர்களுக்கெல்லாம் வாக்குப் போட்டது யார், துரைமாரா?

1948இல் எங்கள் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த வருடம் தேர்தல் சட்டத்தில் ஒரு திருத்தம். அவ்வளவுதான், பிரஜை இல்லை என்று வாக்காளர் இடாப்பிலிருந்து தோட்டம் தோட்டமாகப் பெயர்கள் போயின. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 1960இலும் 1965இலும் தொண்டமான் பாராளுமன்றம் போனது வாக்கால் அல்ல, நியமன உறுப்பினராக.

இதில் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு, உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று மாகாணங்களுக்கு ஆசனம் பிரித்தபோது, குடியிருக்கிற எல்லாத் தலைகளையும் எண்ணினார்கள், பிரஜையா இல்லையா என்று பார்க்கவில்லை. அதாவது, எங்கள் ஆட்களைக் காட்டி மலைநாட்டுக்கு ஆசனம் வாங்கிக்கொள்ளலாம், அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்று தீர்மானிக்கிற நாளில் மட்டும் எங்கள் ஆட்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க வேண்டும். சரி, கல்யாண வீட்டில் இலை எண்ணும்போது கூப்பிட்டு, பந்தி வைக்கும்போது வெளியே நிறுத்துவதற்கு என்ன பெயரோ!

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. காமினி திசாநாயக்க முதலாவது, அனுர பண்டாரநாயக்க இரண்டாவது, தொண்டமான் மூன்றாவது. ஒருவருக்கு மூன்று வாக்கு, மூன்றையும் ஒரே ஆளுக்குப் போடலாம் என்பதுதான் அன்றைய சூட்சுமம். எங்கள் அம்மாயிக்கு எழுத்து தெரியாது. தேர்தலுக்கு முந்தைய வாரம் முழுக்க லயத்து (தோட்டத்து வரிசை வீடு) சுவரில் கரித்துண்டால் மூன்று மூன்றாகப் புள்ளடி போட்டுப் பழகியிருக்கிறார், சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம்கூட ஆகாத சுவர் என்று தாத்தா சத்தம் போட்டது தனிக்கதை. மூன்றும் தொண்டமானின் சேவல் சின்னத்துக்கு. அம்மாயியின் தம்பிக்கு அந்த வாக்கு கிடைக்கவில்லை. நாடற்றவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரித்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில் அவர் இந்தியப் பக்கம் விழுந்தவர், பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்து அடுத்த வருடம் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த இரண்டு காம்பராவில் இருந்தவர்கள்.

பிறகு நடந்ததை நீங்கள் ஓரளவு எழுதியிருக்கிறீர்கள். விகிதாசார முறை வந்ததும் ஒரே பட்டியலில் நின்றவர்களுக்குள்ளேயே விருப்பு வாக்குச் சண்டை தொடங்கியது, நம் ஆட்களே நம் ஆட்களின் போஸ்டரைக் கிழித்தார்கள். ஆனால் 1994ஐ எப்படி விட்டீர்கள்? பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, நுவரெலியாவில் சுயேச்சையாக வென்ற சந்திரசேகரனின் ஒன்றையும் சேர்த்தால்தான் 225இல் பெரும்பான்மையான 113. வாக்கே இல்லாமல் கிடந்த ஊரின் ஒற்றை ஆசனத்தில் ஓர் அரசாங்கம் நின்றது. அதற்கு அரைப் பத்தியாவது கொடுத்திருக்கலாம், 2024 தேர்தலுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

கடைசியாக ஒன்று. ஐந்தாம் பக்கப் படத்தின் கீழ் "கொட்டகலை உறுப்பினர் சுப்பையா" என்று போட்டிருக்கிறீர்கள். சுப்பையா பதுளை, கொட்டகலை குமாரவேலு. அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள், முடிந்தால் அந்த ஏழு பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
அட்டன் வாசகர் ஒருவர்