காந்தள் தொட்டியைக் கொட்டிவிடாதே

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

செங்காந்தள் கொடி மஞ்சளாகி, பிறகு சருகாகிவிட்டது, தொட்டியைக் கொட்டிவிட்டு வேறு ஏதாவது வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கொட்டாதே. மார்கழி, தையில் அது காயத்தான் வேண்டும். மேலே இருந்தது இந்த வருடத்துத் தண்டு. அது சேர்த்ததையெல்லாம் கீழே புதுக்கிழங்கில் இறக்கிவிட்டுத்தான் காய்ந்திருக்கிறது. நீ போன ஆடியில் நட்ட கிழங்கு இப்போது வெறும் சக்கை. அதன் இடத்தில் புதிதாக ஒன்று கவை பிரிந்து உட்கார்ந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீரை நிறுத்து. காய்ந்துவிட்டதே என்று பரிதாபப்பட்டு ஊற்றும் தண்ணீரில்தான் பாதிக் காந்தள் அழுகுகிறது. இலை இல்லாத கிழங்கு தண்ணீரை எடுக்காது. மண் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை உள்ளே போய்விடும். தண்டு லேசாக இழுத்தாலே கையோடு வரும் பதத்துக்குக் காய்ந்ததும் எடுத்துவிடு. பச்சையாக இருக்கும்போது வெட்டாதே. தொட்டியை மழையும் குழாய்த் தண்ணீரும் படாத நிழலில் வைகாசி வரை அப்படியே வைத்திரு. திடீர்க் கோடைமழைக்கு நனையாத இடமாகப் பார்த்துக்கொள்.

வைகாசிக் கடைசியில் கிழங்கை எடுக்கலாம். கொத்தாலோ கரண்டியாலோ தோண்டாதே. தொட்டியைப் படுக்கவைத்து, பக்கங்களைத் தட்டி, மண்ணோடு சாக்கின்மேல் சரித்து, கையால் மண்ணை உதிர். கையுறை போட்டுக்கொள். இவ்வளவு பதனம் எதற்கென்றால், கிழங்கு ஏர்க்கலப்பை மாதிரி இரண்டு கவையாக இருக்கும் (கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான்). தோல் பழுப்பு, உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளை. வளைவில் பழைய தண்டு நின்ற இடம் வட்டத் தழும்பாகத் தெரியும். அங்கிருந்து முளை வராது. ஒவ்வொரு கவையின் கூரான நுனியைப் பார், வெளிறிய சின்னக் கூம்பு ஒன்று இருக்கும். முளை வருவது அங்கேதான். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். இதற்குக் கவைக்கு ஒன்றுதான். கிழங்கு கேரட் மாதிரி படக்கென்று ஒடியும். நுனி போய்விட்டால், மீதி எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்கும் என்று நம்பாதே. கடையில் வாங்கிய கிழங்கு முளைக்கவில்லை என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

இரண்டு கவையிலும் அந்த நுனி மொட்டு நன்றாக இருந்தால் வளைவில் வெட்டி இரண்டாக்கலாம். வெட்டுவாயில் சாம்பல் தடவி இரண்டு நாள் நிழலில் ஆறவிடு. 50 கிராமுக்கு மேல் எடையுள்ள துண்டு அந்த வருடமே பூக்கும். சுண்டுவிரல் அளவுத் துண்டு ஒரு வருடம் இலை மட்டும் விட்டுக் கிழங்கைப் பெருக்கும். அதைக் குறை சொல்லாதே.

மண் விஷயம் சுலபம். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு. எருவில் ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைப் பொடி) கலந்தால் அழுகலுக்குக் கொஞ்சம் காவல். களிமண் மட்டும் வேண்டாம். தொட்டி குறைந்தது 12 அங்குல ஆழம் இருக்கட்டும், கவைகள் கீழ்நோக்கிப் போகிறவை. கிழங்கைப் படுக்கையாக வைத்து, மேலே 6 சென்டிமீட்டர் மண் மூடு. தரையில் நட்டால் கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி. நட்டதும் ஒருமுறை தண்ணீர், அப்புறம் முளை தெரியும் வரை மேல்மண் காய்ந்தால் தெளிப்பதோடு சரி. இரண்டு மூன்று வாரத்தில் முளை வரும், சில மொட்டு ஒரு மாதம்கூட எடுக்கும். கிளறிப் பார்க்காதே. கிளறிய விரல் பட்டு முளை ஒடிந்தால் அந்த மொட்டுக்கு அந்த வருடம் முடிந்தது.

அதனால்தான் கொழுகொம்பை நடும் அன்றே ஊன்றச் சொல்கிறேன். முளைத்த பிறகு குத்தினால் கிழங்கையே குத்திவிடுவாய். நீ போன முறை தடித்த மூங்கில் வைத்ததாக எழுதியிருந்தாய், கொடி சரிந்ததற்குக் காரணம் அதுதான். அவரை மாதிரித் தண்டே சுற்றி ஏறும் கொடியில்லை இது. ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு சுருள்கிறது. அந்தச் சுருள் பென்சில் தடிமனுக்குமேல் பிடிக்காது. கிளைத்த காய்ந்த குச்சி, சணல் கயிறு, கோழிவலை, எதுவானாலும் மெல்லியதாக இருக்கட்டும். ஆறடி உயரம் வேண்டும். வேலியோரத்தில் முட்புதரின்மேல் இது ஏறி நிற்கும் அழகைப் பார்த்திருப்பாயே. வேர் நிழலில், தலை வெயிலில். வீட்டிலும் அதையே கொடு.

நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூமொட்டு. தலைகீழாகத் தொங்கும் பச்சை மொட்டு விரிந்து, ஆறு இதழும் நெளிநெளியாக மேல்நோக்கி மடங்கும். முதலில் பசுமஞ்சள், பிறகு நுனி சிவக்கும், சில நாளில் முழுதும் சிவக்கும். ஒரே கொடியில் மூன்று நிறமும் நிற்பதைப் பார்த்து வேறு வேறு ரகம் என்று நினைத்துவிடாதே. விரலுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் இதைப் பிடித்தது இந்த வளைந்த இதழுக்காகத்தான். நர்சரியில் இதழ் அகலமாக, நெளிவு குறைவாக, விளிம்பில் மட்டும் மஞ்சள் கோடு ஓடுவதாக ஒன்று விற்பார்கள். அது வெளிநாட்டு அலங்கார ரகம். நம்முடையது இதழ் ஒடுங்கி, நெளிவு மிகுந்து இருக்கும். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காக வயலிலேயே பயிரிடுகிறார்கள். அங்கே போய்ச் ‘செங்காந்தள்’ என்று கேட்டால் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ‘கண்வலிக்கிழங்கு’ என்று கேள். காட்டிலும் வேலியிலும் தோண்டி எடுக்க மட்டும் போகாதே, கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது.

பூச்சிகளில் பெரிய எதிரி ஒரு புழு. கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி. இலையின் அடியில் முட்டைக் கூட்டமாகத் தொடங்கும், மூன்று நாள் கவனிக்காவிட்டால் தண்டு மட்டும் நிற்கும். இந்தச் செடியில் இருக்கும், நம்மைக் கொல்லும் நஞ்சைத் தின்று கொழுக்கிறது, ஆச்சரியமான ஜீவன்! முட்டையோடு இலையைக் கிள்ளி எடு, புழுவைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடு. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடி. உரத்தில் யூரியா பக்கம் போகாதே, இலைதான் மண்டும். மொட்டு வரும் நேரத்தில் ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் போதும்.

காய் தானாகப் பிடிப்பது குறைவு. சூல்தண்டு பக்கவாட்டில் செங்குத்தாக மடங்கி மகரந்தத்திலிருந்து விலகி நிற்கும். வயலில் காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் கையால் மகரந்தம் தொட்டுவைக்கிறார்கள். உனக்கு அந்த வேலை வேண்டாம். காய் பிடிக்காவிட்டால் கிழங்கு நன்றாகத் திரளும். விதையிலிருந்து பூப்பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகும், நம் வயதுக்குக் கிழங்கே மேல்.

காயைப் பற்றி இன்னொன்று. பேத்தி இப்போது உங்களோடுதான் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். வெடித்த காயில் செம்மஞ்சள் நிற விதை மிட்டாய் மாதிரி தெரியும். செடி முழுதும் கொல்சிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வேகவைத்தால் நஞ்சு போகாது. தின்ற சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது, பிறகுதான் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆகையால் வாயில் வைத்தது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல், செடித் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொட்டியைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டாத உயரத்தில் வை, பூ வாடியதும் கிள்ளிவிடு. எடுத்த கிழங்கை எழுதி ஒட்டிய டப்பாவில் தனியாக வை. அடுப்படிக் கூடைப் பக்கமே போகக்கூடாது. வாதத்துக்கு அரைத்துப் போடலாம், குடிக்கலாம் என்று யாராவது வந்தால், கிழங்கைக் கொடுக்காமல் காபி கொடுத்து அனுப்பு.

வைகாசியில் தொட்டியைச் சரித்ததும் எத்தனை கவை, எத்தனை நுனி மொட்டு என்று எண்ணி எழுது. நான்குக்கு மேல் இருந்தால் ஒன்று எனக்கு. அனுப்பும்போது உலர்ந்த மரத்தூளில் புதைத்து, நுனியைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டு.

அன்புடன்,
வேலு