‘விலங்குகளில் வெற்றி’ என்று எழுதும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

கழுத்து ரத்தக்குழாயில் வரும் அனியூரிசம் என்ற புடைப்பை அடைக்கும் உறை ஸ்டென்ட் (மெல்லிய உறை போர்த்திய உலோக வலைக்குழாய்) ‘விலங்குகளில் வெற்றி’ என்று செய்தி போடும்போது, எந்த விலங்கு, எத்தனை மாதம் என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். முடிவின் பொருளே அதில்தான் இருக்கிறது.

இந்தச் சோதனைகளில் புடைப்பைப் பெரும்பாலும் தைத்துத்தான் உண்டாக்குகிறார்கள். 1954-இல் வெளியான முறை இன்றும் அடிப்படை: கழுத்துச் சிரையில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையைக் கட்டிப் பையாக்கி, கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் குழாயை இரு கிளாம்புகளால் (இடுக்கிகளால்) அடைத்து, நடுவே அதன் பக்கவாட்டில் துளையிட்டுத் தைப்பது. தையல் ஆற இரண்டு மூன்று வாரம் விட வேண்டும்; பச்சைத் தையலில் ஸ்டென்டை விரித்தால் கிழிந்துவிடலாம்.

பன்றி என்றால் கூடுதல் கவனம் தேவை. அதன் பை, ஸ்டென்டே வைக்காவிட்டாலும் பல நேரம் தானாக உறைந்து அடைபடும். ஆகவே எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பை தைத்து, ஸ்டென்ட் வைக்காமல் ஒப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தமும் பன்றியில் மண்டையடியில் ஒரு மெல்லிய குழாய் வலையைக் கடந்தே போகிறது. ஸ்டென்டிலிருந்து கிளம்பும் ரத்தக்கட்டி அங்கேயே சிக்கிக்கொள்ளும். பன்றிக்குப் பக்கவாதம் வரவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

ஸ்டென்ட், ரத்தக்குழாயைவிடச் சிறுத்தாலோ, வளைவில் ஓரம் சுவரோடு ஒட்டாமல் நின்றாலோ ரத்தம் உறைக்கு வெளியே கசிந்து பைக்குள் போகும். வைத்தவுடன் எடுக்கும் ஆஞ்சியோவிலேயே (ரத்தக்குழாய் எக்ஸ்ரேயிலேயே) இது தெரியும்.

விலங்குக்கும் மனிதருக்கும் எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு, ரத்தக்குழாயின் உட்புறத்தை மூடும் உள்சவ்வு. இபிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஸ்டென்ட் உறையின் மேல் நாய்க்கும் பன்றிக்கும் சில வாரம், சில மாதங்களில் சவ்வு படர்ந்துவிடும். மனிதருக்கோ ஆண்டுகள் ஆனாலும் பெரும்பாலும் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். நடுப்பகுதி வெறும் உறையாகவே கிடக்கும், அதில் ரத்தம் உறையலாம். சவ்வு எவ்வளவு படர்ந்தது என்பதை மறைக்காமல் காட்டுவது, குழாயை எடுத்து வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் திசுச் சோதனை. அதிலும் ஸ்டென்டின் உலோகக் கம்பியைப் பிடுங்கிவிட்டு வெட்டினால் சவ்வும் சேர்ந்து கிழியும். குழாயை அப்படியே பிசினில் பதித்து வைர ரம்பத்தால் அறுக்க வேண்டும்.

இத்தகைய ஸ்டென்ட் வைத்தவர்களும் உங்கள் செய்தியைப் படிக்கிறார்கள். விலங்கில் மூன்று மாதத்தில் ஆறியது என்றதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை நிறுத்திவிட வாய்ப்புண்டு. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ரத்தநாளச் சிகிச்சைத் துறையினர் சிலர்