மச்சானுக்கு: மாமாவின் ஜிப்ஸியைச் சுரண்டப் போகிறேன்

மச்சான்,

மாமாவின் முதல் திதி முடிந்த கையோடு அவருடைய மாருதி ஜிப்ஸியை ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் பொள்ளாச்சிக்கு இறக்குகிறேன். நீ காசு கொடுத்து வண்டிக்கடியில் அடிக்கச் சொன்ன கறுப்புக் கோட்டிங் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் தகட்டிலிருந்து வேலையைத் தொடங்கப் போகிறேன். உனக்கு இது வலிக்கும். மன்னித்துக்கொள். ஆனால் அந்தக் கோட்டிங் இன்னொரு மழைக்காலம் அதன்மேல் இருந்தால், மாமாவின் வண்டி என்று சொல்ல சேஸிஸ் நம்பர் மட்டும்தான் மிஞ்சும்.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் பாதியிலேயே சூடாகிவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். ஜிப்ஸியும் மஹிந்திரா தாரும் வைத்திருக்கிற வேறு பலரும் இதைப் படிப்பார்கள், நம் வீட்டு ஆட்களும் படிப்பார்கள். ஆகவே எந்தக் கடை, எவ்வளவு தொகை, அன்றைக்கு வாசலில் யார் என்ன பேசினார்கள், இவை நமக்குள்ளேயே இருக்கட்டும்.

வால்பாறையிலேயே செய்தால் என்ன என்று கேட்பாய். பெயின்ட் வேலைக்கு முதல் எதிரி ஈரம். தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்தின் மேல்தான் பிரைமர் உட்காரும். மலையில் காலை பத்து மணி வரை தகடு வியர்த்துக்கொண்டிருக்கும். பொள்ளாச்சியில் பங்குனி வெயில் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும். மேமாதத்துக்குள் எல்லாம் முடிந்து, பூச்சு நன்றாக இறுகி, ஜூன் மழைக்கு முன்னால் வண்டி மேலே ஏற வேண்டும்.

கோட்டிங் அடித்த கடைக்காரர் செய்தது ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். வண்டியைத் தூக்கினார், தண்ணீர் அடித்தார், காய்வதற்குள் தாரும் ரப்பரும் கலந்த பூச்சை மேலே அடித்தார். அப்படிப்பட்ட பூச்சு புதிய வண்டிக்கு, சுத்தமான பெயின்ட்டின் மேல், ஓரளவு உதவும். துருவின் மேல் அடித்தால் அது மூடி போட்ட மாதிரிதான். நாள்பட அது இறுகும், கல் பட்ட இடத்தில் விரியும், விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. ஃப்ளோரிலும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற ராக்கர் பேனலிலும், கதவின் அடியிலும் தண்ணீர் வடிவதற்காக இருந்த டிரெயின் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். மூடிய இடத்தில் துரு நிதானமாக வேலை செய்தது.

உனக்கு நினைவிருக்கும். காரியம் முடிந்த மறுநாள், வெள்ளை வேட்டியோடு நீ வண்டிக்கடியில் படுத்தாய். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் டிரைவர் பக்கத்து ஃப்ளோரைத் தட்டினாய். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டது. கட்டைவிரலால் அழுத்தினாய், கறுப்புத் தோல் உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது. பேனாக்கத்தியால் ஒரு கோடு கிழித்தாய். முதலில் செம்பழுப்புத் தண்ணீர் உன் மணிக்கட்டில் வழிந்தது, பிறகு தகடு தகடாகத் துரு உதிர்ந்து வேட்டியில் விழுந்தது. மேலே காலடி மேட் மட்டும்தான் இருந்தது, இடையில் இரும்பே இல்லை. நீ வெளியே வந்து, "மேல பாத்தா நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு சொன்னாய்.

அந்தக் குரலைக் கேட்டபிறகு உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழையில் போய்வந்தால் ஹோஸ் பைப்பைக் கையில் கொடுத்து மட்கார்டுக்குள் ஒட்டிய சேற்றைக் கழுவவைப்பாரே மாமா, அப்போது முதல் ஆளாக உள்ளே நுழைகிறவன் நீதான். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீ பணம் அனுப்பினாய், ஒரு தடவை வந்து அடியில் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கடையில் மட்டும் கேட்டாய்.

சரி, இனி என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் பெட்ரோல் டேங்க் இறங்கும். அது இறங்காமல், சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் பக்கத்தில் வரக்கூடாது. தார்ப் பூச்சைக் கிரைண்டரில் எடுக்க முயன்றால் சூட்டில் உருகி டிஸ்க்கை அடைத்து, தகடு முழுவதும் இழுவிக்கொள்ளும். ஹீட் கன்னில் இளக்கி, ஸ்கிரேப்பரில் உரித்து, மிச்சத்தை டர்பன்டைனில் துடைக்க வேண்டும். அதன்பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற டிகிரீசர் இரண்டு முறை. தாரின் கறை கொஞ்சம் தங்கினாலும் புது பெயின்ட்டுக்குள் பழுப்பாக ஊறி மேலே வரும்.

அப்புறம் டிங்கர் வேலை. மெலிந்த தகட்டின்மேல் இன்னொரு தகட்டை ஒட்டவைக்கிற வழக்கம் எனக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் துருவுக்குப் புது வீடு கட்டிக்கொடுக்கிற வேலை அது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, 20 கேஜ் தகட்டை அளவுக்கு வெட்டி, சிஓடூ வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக இடம் மாற்றி வைத்து இணைக்க வேண்டும். கேஸ் வெல்டிங் வைத்தால் ஃப்ளோர் சூட்டில் நெளிந்துவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம், துத்தநாகப் புகை டிங்கரைப் படுக்கவைத்துவிடும்.

துருவை எடுப்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நாலு இஞ்ச் கிரைண்டரில் முறுக்குக் கம்பி பிரஷ் போட்டால் தகடு பளபளவென்று மின்னும். கிட்டே போய்ப் பார், குழிகளுக்குள் கறுப்புப் புள்ளிகள் அப்படியே இருக்கும். அந்த பிரஷ் துருவை எடுக்கவில்லை, பாலிஷ் போட்டிருக்கிறது. 80 நம்பர் எமரியால் குழி வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும், முடிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மணல் அடிக்க வேண்டும். எமரி மடல்கள் வைத்த ஃப்ளாப் டிஸ்க்கை ஒரே இடத்தில் நிறுத்தினால் இருக்கிற தகடும் மெலிந்துவிடும். துருவை இறுகிய படலமாக மாற்றுகிற ரஸ்ட் கன்வர்ட்டர், கை எட்டாத மூலைகளில் இறுகப் பிடித்திருக்கிற துருவுக்கு மட்டும்தான். பாஸ்பாரிக் ஆசிட் கலந்ததாக இருந்தால் தகட்டைக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகுதான் எபாக்ஸி பிரைமர். ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்ஸி இறுகாமல் உரிந்து வரும்.

வெளுத்த தகட்டை ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கக்கூடாது. அன்றே இரண்டு துணி முறையில் துடைத்து (ஒன்றை டிகிரீசரில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொன்றால் ஒற்றி எடுக்க வேண்டும்) எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவு என்பதற்காக அதை வாங்கிவராதே, அதன்வழியாக ஈரம் தாராளமாகப் போகும். எபாக்ஸியில் அதை இறுகவைக்கிற ஹார்டனர் கலந்ததும் டப்பாவில் போட்டிருக்கிற நேரம் அப்படியே விட்டுத்தான் அடிக்க வேண்டும். எபாக்ஸி பிடித்தபிறகு ஒவ்வொரு மூட்டிலும் ஈரம் புகாமல் அடைக்கிற பியூ (பாலியூரிதேன்) சீலர்.

வண்டிக்கடியில் இனி தடித்த பூச்சே கிடையாது. எபாக்ஸியின் மேல் மெல்லிய பியூ கறுப்பு, அவ்வளவுதான். மெல்லிய பூச்சில் துரு தொடங்கினால் அந்த வாரமே கண்ணில் படும், ஒரு மணி நேரத்தில் தேய்த்து மறுபடி அடித்துவிடலாம். நீ கேட்ட ராப்டர் லைனர் என்கிற சொரசொரப்பான கெட்டிப் பூச்சை ஃப்ளோரின் உள்பக்கத்துக்கும் பின்பக்கத் தொட்டிக்கும் மட்கார்டின் உள்வளைவுக்கும் வைத்துக்கொள்கிறேன். அந்த இடங்களில்தான் உரசலும் கல்லடியும் அதிகம். கிட்டில் நான்கு பாட்டில், ஒவ்வொன்றிலும் 750 மில்லி, அதில் 250 மில்லி ஹார்டனர் ஊற்றி இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். நம் வெயிலில் கலந்தது சீக்கிரம் கெட்டியாகும், அதனால் நான்கையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. எபாக்ஸியை 180 நம்பரில் பளபளப்புப் போகத் தேய்க்காவிட்டால் லைனர் ரப்பர் பாய் மாதிரி மொத்தமாகக் கழன்று வரும். ஸ்பிரே கன்னை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து முதல் கோட் லேசாக, ஒரு மணி நேரம் விட்டு இரண்டாவது. அழுத்தம் குறைந்தால் சொரசொரப்பு பெரிதாகும், சின்ன கம்ப்ரஸரில் பாதியில் அதுதான் நடக்கும். காற்றுக் குழாயில் தண்ணீர் வடிப்பான் கட்டாயம். ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் என்கிற ரசாயனம் தண்ணீரோடு சேர்ந்தால் வாயு கிளம்பி, பூச்சு முழுக்கக் குமிழி விழும். மாஸ்கிங் டேப்பை ஈரம் இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும், இறுகினபிறகு பிளேடு இல்லாமல் வராது.

அந்த ஐசோசயனேட்டால்தான் உன் பையன் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கப் போகிறேன். லீவுக்கு வருகிறான், தாத்தா வண்டி வேலைக்கு நானும் வருவேன் என்று இப்போதே சொல்கிறான். எமரி தேய்க்கட்டும், டேப் ஒட்டட்டும், ஆசை தீரச் செய்யட்டும். ஸ்பிரே அடிக்கிற நாளில் அவன் ஷெட் பக்கமே வரக்கூடாது. துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ அந்த ஆவியைத் தடுக்காது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போனால் ஆஸ்துமா ஆயுளுக்கும் விடாமல் போகலாம். அவன் அழுதால் நீ போனில் அவன் பக்கம் பேசாதே.

சைலென்சர், பிரேக் ஹோஸ், புஷ், கிரீஸ் நிப்பிள், புரொப்பெல்லர் ஷாஃப்ட் இவற்றில் எதுவும் படாது. ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் கூடுதலாகப் படிந்தாலே வண்டி உதறும். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தைத் தனியாக மறைத்து, கடைசியில் கிரீஸ் மட்டும் தடவுவேன். அடுத்த வருடம் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதில் பென்சில் தேய்த்துப் பிரதி எடுக்க வேண்டும். இப்போது அதன்மேலும் கறுப்புதான் இருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகுதான் சேஸிஸ் குழல்களுக்குள்ளும் ராக்கருக்குள்ளும் கதவின் அடியிலும், உள்ளே துருவைத் தடுக்கிற மெழுகான கேவிட்டி வாக்ஸ். முன்னாலேயே அடித்துவிட்டு வெல்டிங் வைத்தால் அது எரிந்து வீணாகும். சுற்றிலும் தெளிக்கிற நாசிலைக் குழாயோடு கடைசிவரை உள்ளே விட்டு, அடித்துக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். சில நாள் ஓட்டைகள் வழியாக ஒழுகும், அப்புறம் ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பி விட்டுத் திறக்க வேண்டும்.

நிறம் வெள்ளைதான். மிலிட்டரி பச்சை நடக்காது மச்சான். மத்திய மோட்டார் வாகன விதி 121 அதை ராணுவ வண்டிகளுக்கு மட்டும் வைத்திருக்கிறது. வேறு நிறம் என்றாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், ஆர்.சி.யோ இன்னும் மாமா பெயரில் இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 31, மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டியது. ஏன் கொடுக்கவில்லை என்பதை இங்கே எழுதமாட்டேன், நம் இரண்டு பேருக்கும் தெரியும். வண்டி யார் பெயருக்கு வந்தாலும் எனக்குச் சம்மதம், உன் பெயருக்கே வரட்டும். வாரிசுச் சான்றிதழ் அத்தையிடம் இருக்கிறது. உன் கையெழுத்துத்தான் பாக்கி. தூதரகத்தில் அட்டெஸ்ட் வாங்கி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அனுப்பு.