மெட்டா கரைக்கும் முன்பு

தம்பி,

உன் குரல் செய்தி வந்தது. சூப்பர்வைசர் நல்ல மாதிரி, மெஸ்ஸில் வாரம் இரண்டு நாள் மீன், சந்தோஷம். நடுவில் இருமினாயே, அது ஏசி காற்றாகத்தான் இருக்கும், அப்பாவும் அப்படித்தான் சொல்கிறார். அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஓமானில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் அந்த பிளான்ட்டில் உன்னைக் கெமிக்கல் டோசிங்கில், தண்ணீரில் ரசாயனம் கலக்கும் வேலையில், போட்டிருக்கிறார்கள் என்றாயே, அதைப் பற்றித்தான். போனில் ஆரம்பித்தால் "தெரியும்மா" என்று வைத்துவிடுவாய்.

கடலிலிருந்து வரும் தண்ணீரில் பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க ஹைப்போ என்ற குளோரின் கரைசல் விடுகிறீர்கள். அந்தக் குளோரின் உப்பை வடிகட்டும் மெம்பிரேனுக்குப் போனால் அதன் பாலிஅமைடு படலம் அரித்துப்போகும். பிறகு எந்தக் கழுவலுக்கும் திரும்பாது, உப்பு தாண்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மெம்பிரேனுக்கு முன்னாலுள்ள கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் பக்கத்தில் குளோரினை முறிக்க மெட்டா, அதாவது சோடியம் மெட்டாபைசல்ஃபைட் பொடிக் கரைசல். ஒரு மில்லிகிராம் குளோரினுக்குக் கணக்குப்படி 1.34 மில்லிகிராம் மெட்டா போதும், நடைமுறையில் 3 விடுவார்கள். அதற்கு மேல் அள்ளிவிட்டால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் தின்று, காற்றில்லாமல் வளரும் பாக்டீரியாவுக்கு வசதி செய்து கொடுக்கும்.

ஒரு டிரெயினுக்கு, அதாவது ஒரு மெம்பிரேன் வரிசைக்கு, மணிக்கு 1000 கனமீட்டர் போகிறது, குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்கிறது என்று வை. மணிக்கு ஒன்றரைக் கிலோ மெட்டா. 1000 லிட்டர் டேங்கில் 10 சதவீதம் என்றால் 25 கிலோ மூட்டை நான்கு, இரண்டே முக்கால் நாளில் தீர்ந்துவிடும். தீராவிட்டாலும் 10 சதவீதக் கரைசல் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது, காற்றுப்பட்டு வீரியம் போய்விடும். 20 சதவீதம் ஒரு மாதம் தாங்கும், ஆனால் மூடி திறந்தால் நெடி இன்னும் அதிகம். ஆக, மூட்டை வெட்டும் வேலை ஓயாது. எந்த பிளான்ட்டிலும் அது புதிதாக வந்த பையன் தலையில்தான் விழும்.

அந்தப் பொடி ஈரம் பட்டதும் கந்தக டைஆக்சைடு விடும். தீக்குச்சி கிழித்த வாசனை, தொண்டையில் கரகரப்பு. அங்கே கோடையில் குழாய்த் தண்ணீரே கொதிக்கும். சூட்டில் வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன். அப்புறம் டேங்கில் தண்ணீர், முடிந்தால் விடிகாலைத் தண்ணீர். கலக்கியை ஓடவிட்டு, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. பொடி மேல் தண்ணீரை ஊற்றாதே. மூட்டையைக் கவிழ்க்கும்போது முகத்தை மேன்ஹோலுக்கு நேராக வைக்காதே. மெம்பிரேன் கழுவ (சிஐபி) வைத்திருக்கும் ஆசிட் கேனோ, ஆசிட் அளந்த குவளையோ அந்தப் பக்கமே வரக்கூடாது.

முக்கியமாக மாஸ்க். ஸ்டோரில் கொடுக்கும் வெள்ளை மாஸ்க் தூசியை மட்டும்தான் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கேள். கார்ட்ரிட்ஜில் மஞ்சள் பட்டை இருக்க வேண்டும், அது கந்தக டைஆக்சைடுக்கு. கூடவே தூசிக்கு வெள்ளைப் பட்டை. பழுப்புப் பட்டை பெயின்ட் ஆவிக்கு, அதைக் கொடுத்து அனுப்பினால் வாங்காதே. உறையைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவை. தாடி வைத்திருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது. எடுத்துவிடு.

அவள் தேர்வெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாள். அத்தை வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

ராத்திரி ஷிப்டில் கரைக்காதே. டேங்க் இரண்டு இருக்கும், ஸ்டாண்ட்பை டேங்கைப் பகலிலேயே நிரப்பி வை. மூன்று மணிக்கு லோ லெவல் அலாரம் அடித்தால்தான் மாஸ்க்கும் ஃபேனும் மறந்துபோகும். குளோரின் மிஞ்சுவதைக் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டர் ஏறி டிரெயின் டிரிப் ஆகி நின்றால் நிற்கட்டும், பெர்மியேட்டால், அதாவது உப்பு நீக்கிய தண்ணீரால், ஃப்ளஷ் செய்துவிட்டு நிதானமாகக் கலக்கு. டிரிப்பைத் தவிர்க்க, தானாக நிறுத்தும் இன்டர்லாக்கை பைபாஸ் செய்யச் சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்.

உன் வேலை சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. ஆண்டெல்லாம் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நாடு. ஓமானின் பத்தினா கடற்கரையில் தோட்டக் கிணறுகளை இறைத்து இறைத்துக் கடல் உள்ளே ஏறிவிட்டது. 2007இல் கோனு புயலில் பிளான்ட்கள் நின்றபோது மஸ்கட் குழாய்களில் தண்ணீர் இல்லை. அடுத்த வருஷமே செந்நிறப் பாசி வந்து அந்தக் கரையில் பிளான்ட்களை மூட வேண்டியதாயிற்று. பாசி வந்தால் ஃபில்டர் மணிக்கணக்கில் அடைக்கும், அழுக்கைத் திரட்டப் போடும் ஃபெர்ரிக் கூடும், கழுவல் கூடும், எல்லாரும் அவசரப்படுவார்கள். அந்த அவசரத்திலும் நீ ஃபேன் போட்ட பிறகுதான் மூடி திறக்க வேண்டும். இத்தனை பேர் குடிக்கிற தண்ணீரைப் பார்க்கிறவனுக்கு அம்மாவிடம் இரண்டு நிமிஷம் பேச நேரமில்லை, நீலக் குறி மட்டும் வருகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இழுப்பு இருந்தவர்களில் சிலருக்கு சல்ஃபைட் கொஞ்சம் பட்டாலே மூச்சுக்குழாய் இறுகும். ஆறாம் வகுப்புக்குப் பிறகு வரவில்லை என்பது கணக்கில்லை. மெடிக்கல் ஃபாரத்தில் அந்தக் கட்டத்தில் என்ன டிக் செய்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் மூட்டை வெட்டிய நாள் இரவில் இருமலோ நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் டாக்டரிடம் போய், "சல்ஃபைட் பொடியில் வேலை செய்கிறேன், சின்ன வயதில் வீசிங் உண்டு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல். ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுப்பார்கள். வெறும் இருமல் என்றால் சிரப் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மாஸ்க் கார்ட்ரிட்ஜை போட்டோ எடுத்து அனுப்பு, பட்டையின் நிறம் தெரியும்படி. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, காலையில் கூப்பிடு. தூங்கிவிட்டாலும் பரவாயில்லை, போட்டோ மட்டும் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

அம்மா