விதிமுறையை எங்க விரலுக்கு எட்டற மாதிரி வைங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். பார்வையற்றோர் விடுதிப் பள்ளி ஒண்ணுல ஒண்ணாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன், இப்போ ஒரு அரசு பள்ளியில தமிழ் வாத்தியாரா இருக்கேன். நான் படிச்ச பள்ளி பேரை இங்க சொல்லல, அங்க எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தவங்க மேல இன்னைக்கும் எனக்கு பெரிய மரியாதை இருக்கு. எனக்கு மனசு ஆறாம இருக்கிறது அங்க ஆபீஸ் நடக்கிற முறையை நினைச்சுத்தான்.

ஜனவரி 4, நாங்க விரலால தடவிப் படிக்கிற ஆறு புள்ளி எழுத்தான பிரெய்லை உருவாக்கின லூயி பிரெய்ல் பிறந்தநாள் விழாவுக்கு என்னை அங்க பேச கூப்பிட்டிருந்தாங்க. பேசி முடிச்சு வெளிய வர்றப்போ ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு கையை பிடிச்சுக்கிட்டு சொல்லுச்சு, "சார், ஊருக்கு போனா ஞாயித்துக்கிழமை சாயங்காலமே ஹாஸ்டலுக்கு திரும்பிடணும்னு ரூல் மாத்திட்டாங்களாம், எனக்கு தெரியாது சார், நான் எப்பவும் போல திங்கக்கிழமை காலையில வந்தேன், அப்பாவை வரவச்சு எழுதி வாங்கிட்டாங்க." அந்தப் பொண்ணோட அப்பா கொத்து வேலைக்கு போறவரு, ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. நான் ஆபீஸ்ல போய் கேட்டேன். "நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தோமே சார்"னு சொன்னாங்க.

அந்த போர்டு எனக்கு நல்லா தெரியும். மாடிப்படி பக்கத்துல, கண்ணாடி கதவு போட்டு பூட்டு மாட்டின போர்டு. கையை வச்சா வழவழன்னு கண்ணாடிதான் தட்டுப்படும். நான் படிச்ச காலத்துலயும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். விடுதி நேரம், லீவு எடுக்கிற முறை, போன் வச்சுக்கலாமா கூடாதா, உதவித்தொகைக்கு என்ன பேப்பர் குடுக்கணும், எந்த தேதிக்குள்ள குடுக்கணும், எல்லாமே மையில எழுதி அந்த கண்ணாடிக்குள்ள இருக்கு. பிள்ளைங்களுக்கு அது வாய் வார்த்தையாத்தான் வந்து சேருது, பாதி சேருது, பாதி சேரல, தண்டனை கிடைச்சப்புறம்தான் இப்படி ஒரு விதி இருக்குன்னே தெரியுது.

நம்ம நாட்டுல பார்வையற்றோருக்கு முதல் பள்ளி 1887ல அமிர்தசரஸ்ல ஆரம்பிச்சாங்க, பாளையங்கோட்டையில 1890லயே வந்தாச்சு. இந்திய மொழிங்களுக்கு பொதுவான பாரதி பிரெய்லை 1951ல ஏத்துக்கிட்டாங்க. வகுப்புக்குள்ள சிலேட்டும் (பேப்பரை பிடிச்சுக்கிற ஓட்டை போட்ட சட்டம்) ஸ்டைலஸும் (புள்ளி குத்தற ஊசி) வச்சு வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கமா குத்தி, பேப்பரை திருப்பி தடவிப் படிக்கிற பழக்கம் அத்தனை வருஷமா இருக்கு. வகுப்பு வாசலை தாண்டி ஆபீஸ் வரைக்கும் அந்த ஆறு புள்ளி இன்னும் வந்து சேரலைங்கிறதுதான் எனக்கு தாங்கல.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிறது புகார் விஷயம். புகார் பெட்டி ஒண்ணு வச்சிருக்காங்க, நல்லதுதான். ஆனா பிள்ளை பிரெய்ல்ல எழுதி போட்டா ஆபீஸ்ல அதை படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல, அதனால யாராவது பிரெய்ல் தெரிஞ்ச டீச்சரை கூப்பிட்டு படிக்க சொல்வாங்க, இல்லன்னா பார்வை உள்ள யார்கிட்டயாவது சொல்லி பிள்ளையே எழுதி வாங்கணும். புகாரே அந்த டீச்சர் மேலயோ வார்டன் மேலயோ இருந்தா அந்தப் பிள்ளை யார்கிட்ட போகும்? நான் எட்டாவது படிச்சப்போ ஒரு விஷயம் சொல்லணும்னு மூணு மாசம் தவிச்சேன், எழுதிக் குடுக்க ஆள் கிடைக்கல, கடைசியில சொல்லாமலே விட்டுட்டேன். அது என்னன்னு இங்க எழுத இப்பவும் எனக்கு மனசு வரல.

சட்டம் தெளிவாத்தான் இருக்கு. 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 16வது பிரிவு, பார்வையற்ற பிள்ளைக்கு பொருத்தமான மொழியிலயும் முறையிலயும் கல்வி குடுக்கணும்னு சொல்லுது. 23வது பிரிவு, ஒவ்வொரு அரசு நிறுவனத்துலயும் குறைதீர் அதிகாரி ஒருத்தரை போடணும், புகாரை பதிவேட்டுல ஏத்தணும், பதிஞ்ச ரெண்டு வாரத்துக்குள்ள விசாரிக்கணும்னு சொல்லுது. அரசு உதவி வாங்கற நிறுவனமும் இதுல அடங்கும். 42வது பிரிவு தகவலை எல்லாரும் அணுகற வடிவத்துல குடுக்கிறத பத்தி பேசுது. பார்வையற்றோருக்குன்னே நடக்கிற பள்ளியில இது நடக்கலன்னா வேற எந்த ஆபீஸ்ல போய் நாங்க இதை கேக்கறது?

பரீட்சைக்கு வர்ற ஸ்கிரைப், அதாவது நாங்க சொல்ற பதிலை எழுதற ஆள், அந்த ஏற்பாடும் இதே கதைதான். அரையாண்டு அன்னைக்கு காலையில பக்கத்து பள்ளியில இருந்து யாரையாவது கூட்டிட்டு வந்து உக்கார வைப்பாங்க. எனக்கு ஒரு தடவை ஆறாவது படிக்கிற பையன் வந்தான், பாவம், 'ஒளிச்சேர்க்கை'ங்கிற சொல்லை நான் ஒவ்வொரு எழுத்தா சொல்ல சொல்ல எழுதினான், அதுக்கே நேரம் போச்சு. கூடுதல் நேரம் எவ்வளவுன்னு அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லல. 2018ல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்ல ஒரு மணி நேரத்துக்கு குறைஞ்சது 20 நிமிஷம்னு இருக்கு, அது எனக்கு தெரிஞ்சதே வேலைக்கு வந்தப்புறம்தான். ஸ்கிரைப் யாருங்கிறதை ஒரு வாரம் முன்னாடியே சொல்லி, ரெண்டு பேரையும் உக்கார வச்சு ஒரு மணி நேரம் பழக விட்டாலே பாதி பயம் போயிடும்.

பிரெய்ல் புத்தகம் லேட்டா வர்றதை பத்தி தனியா ஒரு கடிதமே எழுதலாம். பத்தாவதுல சமூக அறிவியல் ரெண்டாவது வால்யூம் எனக்கு காலாண்டு முடிஞ்சுதான் கைக்கு வந்துச்சு, அவ்வளவு சொல்லி நிறுத்திக்கிறேன்.

செலவு ஆகும்னு யாரும் சொல்ல முடியாது. ஒரு பக்க அறிவிப்பை பிரெய்ல்ல எழுத சில கெட்டி பேப்பரும் கொஞ்ச நேரமும் போதும், கண்ணாடி இல்லாத ஒரு பலகையை பிள்ளைங்க நெஞ்சு உயரத்துல மாட்டினா போதும். பெத்தவங்களுக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா அனுப்பலாம், எழுதப் படிக்க தெரியாத அப்பா அம்மாவுக்கும் அது உதவும். கம்ப்யூட்டர்ல என்விடிஏன்னு திரையை வாசிச்சு காட்டற சாப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது, அதை 2006ல எழுத ஆரம்பிச்சதே பார்வையில்லாத ஒரு ஆஸ்திரேலியர்தான். ஆனா ஆபீஸ்ல இன்னும் வானவில்ங்கிற பழைய எழுத்துருவுலதான் டைப் பண்றாங்க, அதை மெஷின் படிச்சா உளறலாத்தான் கேக்கும், சுற்றறிக்கையை போட்டோ எடுத்து அனுப்பினா அதுவும் கேக்காது. எல்லா கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி புரிஞ்சுக்கற யூனிகோடு எழுத்து முறையை தமிழ்நாடு அரசு 2010லயே ஏத்துக்கிட்டாச்சு, அதுல டைப் பண்ணி அனுப்பினா பெரிய பிள்ளைங்க தானே படிச்சுக்கும்.

இந்த வருஷம் பள்ளி திறக்கறதுக்கு முன்னாடி விடுதி விதி, லீவு விதி, புகார் குடுக்கிற முறை, பரீட்சை விதி இந்த நாலையாவது பிரெய்ல்ல எழுதி ஒவ்வொரு பிள்ளை கையிலயும் குடுக்கணும்னு துறை அதிகாரிங்க எல்லா பார்வையற்றோர் பள்ளிக்கும் ஒரு உத்தரவு போடணும். பிரெய்ல்ல வர்ற புகாரை படிக்க அந்த பள்ளிக்கு வெளிய இருந்து ஒரு ஆளை போடணும். நான் படிச்ச பள்ளிக்கு எழுதிக் குடுக்க ஆள் இல்லன்னா சொல்லட்டும், பேப்பர் நான் வாங்கிட்டு வர்றேன், என் பழைய சிலேட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு, ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து எல்லாத்தையும் நானே குத்திக் குடுத்துட்டு போறேன்.

இப்படிக்கு,
பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர்